தொலைவில் இருந்தபடி பெற்றோரின் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கவனிப்பது எப்படி?

பிள்ளைகள் வெளியூரில் வேலையில் இருக்க, எழுபது வயதைக் கடந்த பெற்றோர் சொந்த ஊரில் தனியாக வாழும் வீடுகளில், இரத்த அழுத்தக் கருவியும் குளுக்கோமீட்டரும் இன்று அரிய பொருள்கள் அல்ல. ஆனால் அவை காட்டும் எண்ணை யார் பார்ப்பது, எந்த எண்ணுக்கு என்ன செய்வது என்று முன்பே முடிவு செய்யாவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியும் அலமாரியில்தான் கிடக்கும். ஆகவே கடைக்குப் போகும் முன், பெற்றோரை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் சென்று, எதை அளப்பது, வாரத்தில் எத்தனை முறை அளப்பது, எந்த அளவைத் தாண்டினால் தொலைபேசியில் சொல்வது, எந்த அளவில் உடனே நேரில் வருவது என்று கேட்டு, ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மற்றவை எல்லாம் அந்தத் தாளை ஒட்டியே நடக்க வேண்டும்.

இரத்த அழுத்தத்துக்கு, மேற்கையில் பட்டை கட்டி அளக்கும் தானியங்கிக் கருவியே நல்லது. மணிக்கட்டில் கட்டுவது, கையின் உயரம் சற்று மாறினாலும் தவறாகக் காட்டும். வாங்கும் முன் தையல் நாடாவால் மேற்கையின் சுற்றளவை அளந்து, பெட்டியில் அச்சிட்டுள்ள அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பருத்த கையில் சிறிய பட்டையைக் கட்டினால் அழுத்தம் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். என் தாயாருக்கு அப்படி அளந்த எண்களை நம்பிப் பல வாரங்கள் வீணாகக் கவலைப்பட்டிருக்கிறேன்.

அளக்கும் முறையில்தான் பெரும்பாலான பிழைகள் நேர்கின்றன. காபி குடித்தோ நடந்து வந்தோ அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்த நாற்காலியில், இரு பாதங்களும் தரையில் படும்படி கால் மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்திருந்து, கையை நெஞ்சு மட்டத்தில் மேசை மீது வைத்து, துணியின் மேல் அல்லாமல் வெறும் தோலில் பட்டையைக் கட்டி அளக்க வேண்டும். காலையில் மாத்திரைக்கும் உணவுக்கும் முன்பும், மாலையிலும், ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை என்று ஏழு நாள் அளந்து, முதல் நாளை விட்டுவிட்டு மற்ற நாள்களின் சராசரியை மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் எடுக்கும் சராசரி 135/85 என்ற அளவை எட்டினாலோ தாண்டினாலோ அது உயர் அழுத்தமாகக் கருதப்படுகிறது. ஒற்றை எண்ணைப் பார்த்து மாத்திரையைக் கூட்டுவதோ நிறுத்துவதோ கூடாது. எழுந்தவுடன் தலைசுற்றுகிறது என்று அவர்கள் சொன்னால், எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மீண்டும் அளக்கச் சொல்லுங்கள்; மேல் எண் 20 அல்லது அதற்கும் மேல் குறைந்தால் கீழே விழும் அபாயம் உண்டு என்பதால், மருத்துவர் அதை அவசியம் அறிய வேண்டும்.

சர்க்கரை அளக்கும் முன் கையைச் சோப்பால் கழுவித் துடைக்க வேண்டும், ஏனெனில் மாம்பழம் நறுக்கிய விரலில் எடுத்த துளி பொய்யான உயர் அளவைக் காட்டிவிடும். சோதனைப் பட்டைகளின் காலாவதித் தேதியைப் பாருங்கள். அவை உள்ள குப்பியைச் சமையலறை வெப்பத்திலோ ஈரத்திலோ திறந்து வைக்காதீர்கள். முதியவர்களைப் பொறுத்தவரை, உயர்ந்த சர்க்கரையைவிடத் தாழ்ந்த சர்க்கரைக்கே நான் அதிகம் அஞ்சுவேன். 70-க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும்; மயங்கிக் கிடப்பவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

இதயம் பலவீனமானவர்களுக்கு எடைக் கருவியும் வேண்டும்: இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால், உடம்பில் நீர் தேங்குவதாக இருக்கலாம்.

அளவுகள் தாமாகவே கைபேசிக்கு வந்து சேரும் கருவிகள் கிடைக்கின்றன. ஆயினும் இணைப்பு அறுந்தால் சரிசெய்யத் தெரியாத பெற்றோருக்கு, ஒரு நோட்டில் தேதியோடு எழுதி, ஞாயிறுதோறும் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதே நீடித்து நிற்கும். அதைப் பார்க்கும் பொறுப்பு உடன்பிறந்தோரில் ஒருவருக்கு உரியது என்று வரையறுத்துவிடுங்கள். எல்லோருக்கும் போனால் யாரும் பார்ப்பதில்லை.

மருத்துவரிடம் காணொளியில் பேச, அரசின் இலவசச் சேவையான இ-சஞ்சீவனி இருக்கிறது. பேசும்போது நோட்டும், எல்லா மாத்திரை அட்டைகளும், பழைய மருந்துச் சீட்டும் எதிரில் இருக்கட்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெற்றோரின் பெயரைப் பதிவு செய்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் தளர்தல், பேச்சுக் குளறல் ஆகியவற்றுக்குக் காணொளி உதவாது. உங்களை அழைக்கும் முன்பே 108-ஐ அழைக்க வேண்டும் என்று பெற்றோரிடமும் பக்கத்து வீட்டாரிடமும் சொல்லி வையுங்கள். பதற்றத்தில் முகவரி மறந்துபோகும் என்பதால், வீட்டு எண், தெரு, அருகிலுள்ள கோயில் அல்லது பள்ளியின் பெயர், அவர்கள் உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள்.