பழைய கேசியோ டேட்டா பேங்க் வாட்சில் போன் நம்பர் ஏற்றுவது எப்படி?

பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் மேல்விஷாரம், ஆம்பூர், பேரணாம்பட்டு போன்ற ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் நிறைய. அப்படிப் போய்வந்தவர்கள் வீட்டு மேசை டிராயரைத் துழாவினால், ஒரு கால்குலேட்டர் வாட்ச் இன்றும் அகப்படலாம். பட்டாணி அளவு பொத்தான்கள், மங்கிய திரை, அறுந்த ஸ்ட்ராப். அதற்கு உயிர் கொடுத்து, தேவையான போன் நம்பர்களை அதில் ஏற்றுவது வரைக்கும் இங்கே பார்ப்போம். புதிதாக வாங்கியவர்களும் இதே வழியில் போகலாம்.

முதலில் கொஞ்சம் கதை

இது தெரிந்தால், வாட்சில் எழுத்து ஏற்றுவது ஏன் இவ்வளவு பொறுமையைக் கேட்கிறது என்பது புரியும். 1975 கடைசியில் அமெரிக்காவில் பல்சர் நிறுவனம் தங்கத்தில் ஒரு கால்குலேட்டர் வாட்ச் விட்டது. விலை 3,950 டாலர்! பொத்தான்கள் விரலுக்கு அடங்காது. பேனா முனை போன்ற குச்சியால்தான் அழுத்த வேண்டும். 1977-இல் வந்த ஹியூலட் பேக்கர்ட் எச்பி-01 இரண்டு தேதிகளுக்கு இடையில் எத்தனை நாள் என்றுகூடக் கணக்குப் போட்டது, ஆனால் அதற்கும் குச்சி வேண்டும். 1980-இல் கேசியோ சி-80 விரலாலேயே அழுத்தும்படி வந்த பிறகுதான் இது சாதாரண ஆட்களின் கைக்கு வந்தது. 1984-இல் அதே கேசியோ, போன் நம்பர்களைச் சேமிக்கும் முதல் டேட்டா பேங்க் வாட்சை வெளியிட்டது. அதில் அடங்கியது 10 நம்பர்.

அந்தக் காலகட்டத்தில் நடந்ததெல்லாம், விவரத்தை உள்ளே ஏற்றுவது எப்படி என்ற ஒரே கேள்விக்கான வெவ்வேறு பதில்கள்தான். சீகோ தனி கீபோர்டு கொடுத்துப் பார்த்தது, பிறகு ஒயர் போட்டுக் கம்ப்யூட்டரோடு இணைத்தது. என்னைக் கேட்டால் இந்த வரிசையிலேயே அழகான பதில் 1994-இல் டைமெக்ஸும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து செய்த டேட்டாலிங்க்தான். வாட்சைக் கம்ப்யூட்டர் திரைக்கு எதிரே காட்டினால் போதும். பழைய டப்பா மானிட்டரில் வெளிச்சக் கோடுகள் மினுக்கும். வாட்சில் உள்ள சின்ன ஒளிக்கண் அதைப் படித்துக்கொள்ளும். ஒயரும் இல்லை, பொத்தானும் இல்லை. தட்டைத் திரைகள் அந்த மாதிரி மினுக்குவதில்லை என்பதால் டப்பா மானிட்டர்களோடு அந்த வித்தையும் போய்விட்டது. கடைசியில் நிலைத்தது கேசியோவின் பொத்தான்தான்.

படி 1: உங்களிடம் இருப்பது எது?

கால்குலேட்டர் இருப்பதெல்லாம் டேட்டா பேங்க் கிடையாது. அதிகம் கண்ணில் படும் சிஏ-53 மாடலில் கணக்கு மட்டும்தான் போட முடியும், நம்பர் சேமிக்க முடியாது. டிபிசி-32, டிபிசி-611 போன்ற மாடல்களில் 25 பேரைச் சேமிக்கலாம். மோடு பொத்தானை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போங்கள். கால்குலேட்டர், அலாரம், ஸ்டாப்வாட்ச் இவற்றுக்கு நடுவில் பெயரும் எண்ணும் காட்டும் ஒரு திரை வந்தால் அதுதான் டெலிமெமோ. வரவில்லையென்றால் இந்த வாட்சில் அந்த வசதி இல்லை, கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி.

படி 2: பேட்டரி

பழைய வாட்ச் என்றால் பின்மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் பேட்டரியின் மேல் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து அதே எண்ணில் வாங்குங்கள். கிட்டத்தட்ட அதே அளவு என்று வேறொன்றைத் திணிக்க வேண்டாம். வேலூரில் சாரதி மாளிகைக் கடைகள் பக்கம் போனால் கிடைக்கும். மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் நைந்திருந்தால் அதையும் மாற்றிவிடச் சொல்லுங்கள்.

இங்கே பலர் கோட்டைவிடுவது ஒரு சின்ன வேலையில். பேட்டரி போட்ட பிறகும் திரை வெறுமையாக இருக்கும், அல்லது கண்டபடி கோடுகள் தெரியும். வாட்ச் செத்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பேட்டரிக்குப் பக்கத்தில் 'ஏசி' என்று ஆங்கிலத்தில் எழுதிய ஒரு சின்னப் புள்ளி இருக்கும். உலோக ட்வீசரின் ஒரு முனையை அதில் வைத்து, மறு முனையைப் பேட்டரியின் பிளஸ் பக்கத்தில் ஓரிரு விநாடி தொட்டால் வாட்ச் ரீசெட் ஆகும். பெரும்பாலான கேசியோக்களுக்கு இது பொருந்தும். ரீசெட் ஆனால் பழைய நம்பர்கள் எல்லாம் போய்விடும். நேரம் தேதியையும் புதிதாக வைக்க வேண்டும்.

படி 3: பேப்பரில் எழுதுங்கள்

வாட்சைத் தொடும் முன் ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள் பாதியில் அலுத்து விட்டுவிடுகிறார்கள்.

இடம் 25 பேருக்கு. பெயருக்கு எட்டு எழுத்து, அதுவும் ஆங்கிலத்தில்தான். தமிழ் எழுத்து வராது. "குடியாத்தம் பெரியப்பா" என்று ஆங்கிலத்தில் எழுத எட்டு எழுத்து எங்கே போதும்? ஊருக்கு மூன்று எழுத்து, உறவுக்கு ஐந்து எழுத்து என்று நீங்களே ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள். வாட்ச் பெயர்களைத் தானாகவே ஆங்கில அகரவரிசையில் அடுக்கிவிடும். அதனால் ஊரை முன்னால் போட்டால் காட்பாடிக்காரர்கள் ஒரு பக்கம், ஆற்காட்டுக்காரர்கள் ஒரு பக்கம் என்று சேர்ந்து நிற்பார்கள். இனிஷியலை முன்னால் போடாதீர்கள். அப்பா பெயரின் எழுத்தில் மகனைத் தேட வேண்டியிருக்கும். அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர் பெயருக்கு முன்னால் இரண்டு ஆங்கில 'ஏ' சேர்த்தால் அவர் பட்டியலின் தலைமாட்டிலேயே இருப்பார்.

யாரை விடுவது? கேஸ் ஏஜென்சி, கேபிள்காரர் எல்லாம் போனிலேயே இருக்கட்டும். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி வராந்தாவில் போன் சார்ஜ் தீர்ந்து உட்கார்ந்திருக்கும்போது, பக்கத்தில் இருப்பவரிடம் போன் வாங்கி யாரைக் கூப்பிடுவீர்களோ அவர்களை மட்டும் எழுதுங்கள். லேண்ட்லைன் என்றால் வேலூருக்கு 0416, ஆம்பூருக்கு 04174, ராணிப்பேட்டைக்கு 04172 என்று எஸ்டிடி கோடு நம்பரையும் சேர்த்தே எழுதிவிடுங்கள்.

அந்தப் பேப்பரைக் கிழித்துப் போட வேண்டாம். அடுத்த முறை பேட்டரி மாற்றும்போது அது வேண்டும்.

படி 4: ஏற்றுதல்

டெலிமெமோவுக்குப் போய், காலியான பக்கம் வரும்வரை நகருங்கள். அட்ஜஸ்ட் பொத்தானை அழுத்திப் பிடித்தால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கர்சர் மினுக்கும். கூட்டல் குறியும் வகுத்தல் குறியும் எழுத்தை முன்னும் பின்னும் மாற்றும். வேண்டிய எழுத்து வந்ததும் மோடு பொத்தானைத் தட்டினால் கர்சர் அடுத்த இடத்துக்குப் போகும். பெயருக்கான எட்டு இடமும் தாண்டினால் எண் பகுதி வரும். அங்கே எண் பொத்தான்களை நேராகவே அழுத்தலாம், அது சுலபம். முடிந்ததும் மறுபடி அட்ஜஸ்ட் தட்டினால் சேமித்துவிடும். மாடலுக்கு மாடல் பொத்தான் இடம் மாறும். பின்மூடியில் உள்ள நான்கு இலக்க மாட்யூல் எண்ணைப் போட்டுத் தேடினால் கேசியோ தளத்தில் கையேடு கிடைக்கும்.

பெயரைப் பாதியில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். கொஞ்ச நேரம் எதையும் தொடாமல் விட்டால் வாட்ச் எடிட்டிங்கிலிருந்து தானாக வெளியே வந்துவிடும். ஒரே மூச்சில் 25 பேரையும் ஏற்றிவிட நினைக்க வேண்டாம். முதலில் ஐந்து பேரை ஏற்றுங்கள், கை பழகிவிடும்.

படி 5: கால்குலேட்டர், ஒரு எச்சரிக்கையோடு

எட்டு இலக்கம்தான். பத்து கோடிக்குக் கீழே உள்ள கணக்கு என்றால் கவலையில்லை. ஆனால் பெருக்கலை முதலில் செய்ய வேண்டும் என்ற பள்ளிக்கூட விதி இதற்குத் தெரியாது. அழுத்திய வரிசையிலேயே கணக்குப் போடும். 200 ரூபாய் பிரியாணி 3, 15 ரூபாய் டீ 2 என்று ஒரே வரியாகத் தட்டினால் 630-க்குப் பதில் 1,230 என்று காட்டும். பிரியாணியைத் தனியாக, டீயைத் தனியாகப் பெருக்கிப் பிறகு கூட்டுங்கள். தேர்வு எழுதுகிறவர்கள் இந்த வாட்சை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகவும், ஹாலுக்குள் விட மாட்டார்கள்.

வெயிலும் தண்ணீரும்

கத்திரி வெயிலில் பைக் டேங்க் கவரிலோ கார் டாஷ்போர்டிலோ இதை வைத்துவிட்டுப் போனால் திரை முழுக்கக் கறுத்துவிடும். பயப்பட வேண்டாம், நிழலில் வைத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஆனால் அடிக்கடி அப்படி நடந்தால் திரைக்கு நல்லதல்ல. மழையில் லேசாக நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம். ஈரமாக இருக்கும்போது மட்டும் பொத்தான்களை அழுத்தாதீர்கள், தண்ணீர் உள்ளே போக அதுதான் வழி.