கொரோனா மரபணு வரிசையைப் பதிவேற்றும் முன் பார்க்க வேண்டியவை

புதிய கொரோனா வைரஸின் மரபணு வரிசை 2020 ஜனவரி 11 அன்று இணையத்தில் வெளியானது. ஷாங்காயில் சாங் யோங்சென் குழு கண்டறிந்த அந்த வரிசையை வைத்துத்தான், வைரஸ் மாதிரியே கைக்கு வராத நிலையிலும், பெர்லினில் டிராஸ்டன் குழு பிசிஆர் பரிசோதனை முறையை உருவாக்கியது. முன்பின் தெரியாத ஆய்வகம் உங்கள் கோப்பை அப்படியே நம்பி வேலை செய்யும். ஆகவே வைரஸ் வரிசைகளை உலக ஆய்வகங்கள் பகிரும் கிசெய்டு (GISAID) தரவுத்தளத்தில் ஏற்றும் முன் பொறுமையாகச் சரிபாருங்கள்.

முதலில் தேதி. கேட்பது மூக்குச் சளி மாதிரி எடுத்த நாள்; வரிசைப்படுத்திய நாளல்ல. இந்த வைரஸில் மாதத்துக்குச் சுமார் இரண்டு பிறழ்வுகள் சேர்கின்றன. தேதி ஒரு மாதம் பிசகினால் பரவல் எப்போது தொடங்கியது என்ற கணக்கே ஆட்டம் காணும். எக்செல் தேதியைத் தன் இஷ்டத்துக்கு மாற்றிவிடும்: 03-04-2021 என்பது மார்ச்சா ஏப்ரலா? அந்த நெடுவரிசையை உரை வடிவத்துக்கு மாற்றிவிட்டு, ஆண்டு-மாதம்-நாள் என 2021-04-03 போல் உள்ளிடுங்கள்.

அடுத்து, வரிசையில் உள்ள இடைவெளிகள். அதிகம் சொதப்புவது இங்கேதான். ஆர்டிக் எனும் வரிசைப்படுத்தும் முறையில் 29,903 எழுத்துள்ள (எழுத்து என்பது மரபணுவின் ஓர் அலகு) வைரஸ் மரபணுத்தொகுதியை ஏறக்குறைய 400 எழுத்துத் துண்டுகளாகப் பெருக்குகிறோம். பிரைமர் (பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) ஒட்டும் இடத்தில் பிறழ்வு இருந்தால் அந்தத் துண்டு பெருகாது. அங்கே, எழுத்து தெரியவில்லை என்பதைக் குறிக்கும் 'என்' (N) என்றுதான் இருக்க வேண்டும். வூகான் மூல வரிசையின் எழுத்தை மென்பொருள் நிரப்ப விடாதீர்கள். நானோபோர் எனும் வரிசைப்படுத்தும் கருவியின் தரவில் 20 முறைக்குக் குறைவாகப் படிக்கப்பட்ட இடங்களையும் 'என்' ஆக்குங்கள். ஆர்டிக்கின் மூன்றாம் பதிப்பு பிரைமர்களில் டெல்டா வகை வைரஸின் 72ஆம் துண்டு விடுபட்டது. விளைவு, ஸ்பைக் புரதத்தின் 142ஆம் இடத்துப் பிறழ்வு சில வரிசைகளில் இருப்பதாகவும் சிலவற்றில் இல்லாததாகவும் தெரிந்தது. வைரஸ் மாறவில்லை, துண்டுதான் வரவில்லை! நான்காம் பதிப்பு வந்த பிறகே இது சரியானது. 'என்' 5 சதவீதத்தைத் தாண்டினால் கிசெய்டு அந்த வரிசையைக் குறைந்த தரம் என்று குறித்துவிடும். குறிக்கட்டுமே. பொய்யான எழுத்தைவிட அது எவ்வளவோ மேல்.

பிறகு கோப்பை, வரிசையின் தரத்தைச் சரிபார்க்கும் நெக்ஸ்ட்கிளேடு இணையதளத்தில் இழுத்துப் போடுங்கள். கணக்கீடு உங்கள் உலாவியிலேயே நடப்பதால் வரிசை கணினியை விட்டு வெளியே போகாது. ஒன்றிரண்டு எழுத்து மட்டும் விடுபட்டு, அதற்குப் பிந்தைய புரதம் முழுதும் குலைந்ததாகக் காட்டினால் சந்தேகப்படுங்கள். ஒரே எழுத்து தொடர்ந்து வரும் இடங்களில் நானோபோர் எண்ணிக்கையைத் தவறவிடும். ஓஆர்எஃப்8 என்ற மரபணுப் பகுதியில் இத்தகைய விடுபாடு உண்மையாகவே இருக்கலாம்; ஸ்பைக்கில் வந்தால் மூலத் தரவைத் திறந்து கண்ணால் பாருங்கள்.

வரிசை உள்ள ஃபாஸ்டா (FASTA) கோப்பின் தலைப்பு வரியும் விவரப் பட்டியலில் உள்ள வைரஸ் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும், ஒரு வெற்றிடம் கூடினாலும் பதிவேற்றம் திரும்பிவிடும். பெயருக்குள் நோயாளியின் பெயரோ மருத்துவமனை எண்ணோ வேண்டாம். மாதிரி எடுத்துக் கொடுத்த ஆய்வகத்தின் பெயரை விட்டுவிடாதீர்கள். அடுத்த முறை மாதிரி வருவது அதைப் பொறுத்தது. மூலத் தரவையும் பொதுக் களஞ்சியத்தில் வைப்பதானால், அதில் கலந்துள்ள மனித டிஎன்ஏ வரிசைகளை முதலில் நீக்கிவிடுங்கள்.

ஏற்றிய பின் பிழை தெரிந்தால் புதிதாக இன்னொரு முறை ஏற்றாமல், அதே பதிவு எண்ணிலேயே திருத்தம் கேளுங்கள். இல்லாவிட்டால் ஒரே நோயாளி இருவராகக் கணக்கில் ஏறிவிடுவார்.