போர்டு எழுதும் தொழிலுக்குப் பழகுநரைச் சேர்ப்பது எப்படி? முதலாளிகளுக்கு ஒரு வழிகாட்டி

வேலை தெரிந்த ஆள் கிடைப்பதில்லை என்று சொல்லாத போர்டுக் கடை முதலாளி இல்லை. தேடி அலுத்துப்போய், சரி, நாமே ஒருவரைப் பழக்கி எடுத்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு பையனையோ பெண்ணையோ கடையில் சேர்த்து "கூடமாட இருந்து கத்துக்கோ" என்று விடுவது வேறு, முறையான பழகுநர் (அப்ரண்டிஸ்) பயிற்சி வேறு. இரண்டாவதில் எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் உண்டு, பாடத்திட்டம் உண்டு, வெளியிலிருந்து ஒருவர் வந்து வேலையைச் சோதிப்பார், முடிவில் வேறு எந்தக் கடையிலும் மதிப்புள்ள ஒரு சான்றிதழ் கைக்கு வரும். 2023-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தரமான பழகுநர் பயிற்சி பற்றி வெளியிட்ட 208-ஆம் எண் பரிந்துரையும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது: ஒப்பந்தம் வேண்டும், ஊதியம் வேண்டும், கடையில் கற்பதும் வகுப்பில் கற்பதும் சேர வேண்டும், முடிவில் அங்கீகாரம் பெற்ற தகுதி வேண்டும். விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் அடிப்படை எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் யார் யார் இதில் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். முதலாளி, பழகுநர், பயிற்சி நிலையம் என்று மூன்று தரப்பு. இவர்களுக்கு மேலே ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் அரசு அமைப்பு ஒன்று இருக்கும், தேர்வு நடத்துவது சில நாடுகளில் இன்னொரு தனி அமைப்பு. பல முதலாளிகள் பயிற்சி நிலையம்தான் கற்றுக்கொடுக்கும், நாம் சம்பளம் கொடுத்தால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். நிலைமை நேர்மாறானது. பழகுநரின் நேரத்தில் பெரும்பகுதி உங்கள் கடையில்தான் கழியும், வகுப்புக்குப் போவது வாரத்தில் ஓரிரு நாள், அல்லது சில வாரங்கள் சேர்ந்தாற்போல். கற்றுக்கொடுக்கும் பொறுப்பில் பெரும்பங்கு உங்களுடையது, இதை ஏற்க மனமில்லை என்றால் சம்பளம் சற்று கூடினாலும் பரவாயில்லை என்று தேர்ந்த ஆளையே தேடுவது நல்லது.

அடுத்தது எந்தத் தகுதி என்பது. எல்லா நாட்டிலும் "போர்டு எழுதுபவர்" என்ற பெயரிலேயே தகுதி இருக்காது. ஆஸ்திரேலியாவில் இத்தொழிலுக்கு மூன்றாம் நிலைச் சான்றிதழ் உண்டு, இங்கிலாந்தில் சைனேஜ் டெக்னீஷியன் என்று மூன்றாம் நிலைப் பயிற்சி. ஜெர்மனியில் பலகைகளும் ஒளி விளம்பரங்களும் செய்வது தனிக் கைத்தொழிலாகவே பதிவாகியிருக்கிறது, பயிற்சிக் காலம் 3 ஆண்டு. இந்தியாவில் பொது பெயிண்டர் என்ற தொழிற்பிரிவு இருக்கிறது, அது பொருந்தாவிட்டால் விருப்பத் தொழில் என்ற வகையில் உங்கள் வேலைக்கு ஏற்பத் திட்டம் அமைக்கலாம். ஆகவே பெயரைப் பார்த்து முடிவெடுக்காமல், தகுதிக்குள் இருக்கும் பாடப் பிரிவுகளின் பட்டியலை வாங்கிப் படியுங்கள்.

அந்தப் பட்டியலையும் உங்கள் கடையின் கடந்த ஒரு வருட வேலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழகுநர் திட்டம் நிலைப்பதும் கவிழ்வதும் இங்கேதான், அதனால் அவசரப்பட வேண்டாம். பாடத்திட்டத்தில் வடிவமைப்பு, கையால் எழுதுவது, வினைல் (பின்புறம் பசையுள்ள பிளாஸ்டிக் தாள்) வெட்டி ஒட்டுவது, பெரிய அளவு பிரிண்டிங், வண்டிக்கு வினைல் போர்த்துவது, எல்.இ.டி எழுத்துகள், இடத்தில் பொருத்துவது என்று நிறைய இருக்கும். உங்கள் கடையில் பிரிண்டிங்கும் வினைலும் மட்டும்தான் என்றால் பழகுநர் மற்ற பிரிவுகளை எங்கே செய்து காட்டுவார்? வழி இருக்கிறது. சில நாட்களுக்கு வேறொரு கடைக்கு அனுப்பலாம், சில பிரிவுகளைப் பயிற்சி நிலையத்திலேயே முடிக்கலாம், விருப்பப் பிரிவுகள் இருந்தால் உங்கள் வேலைக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் இதையெல்லாம் ஒப்பந்தம் போடும் முன்பே பேசிவிட வேண்டும், கடைசி வருடத்தில் உட்கார்ந்து "கையால் எழுதும் வேலையே செய்யவில்லையே" என்று விழிப்பதில் யாருக்கும் பயன் இல்லை.

கடை மிகச் சிறியது, முழுக் காலத்துக்கும் வேலை உறுதி சொல்ல முடியாது என்றால், ஆஸ்திரேலியாவில் குழுப் பயிற்சி நிறுவனங்கள் இருக்கின்றன. சட்டப்படி பழகுநரின் முதலாளி அந்த நிறுவனம்தான், உங்கள் கடை அவருக்கு இடம் தரும் கடை. வேலை குறைந்தால் அவர் வேறு கடைக்கு மாறுவார், பயிற்சி அறுபடாது. உங்கள் நாட்டில் இப்படி ஏற்பாடு உண்டா என்று தொழிற்சங்கத்திடமோ முதலாளிகள் சங்கத்திடமோ கேட்டுப் பாருங்கள்.

ஆளைத் தேர்ந்தெடுப்பது பற்றி என் கருத்து: அழகாகப் படம் வரைகிறார் என்பதை மட்டும் வைத்து எடுக்காதீர்கள். நேர்காணலில் ஒரு துண்டு வரியைக் கொடுத்து, எழுத்து இடைவெளி சரியாக இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு அளவு நாடாவைக் கொடுத்து ஒரு பலகையின் நடுக்கோட்டைக் குறிக்கச் சொல்லுங்கள். எழுத்துப்பிழையைக் கண்டுபிடிக்கிறாரா என்று பாருங்கள், போர்டில் ஒரு எழுத்து தப்பினால் முழுப் பலகையும் திரும்பி வந்துவிடும். உயரம் பயமா என்றும் வெளிப்படையாகக் கேட்டுவிடலாம். முடிந்தால் ஓரிரு நாள் கடையில் வந்து பார்க்கச் சொல்லுங்கள். வேலை எப்படியிருக்கும் என்று அவருக்கும் தெரிந்துவிடும்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை அதிகம் இல்லை, ஆனால் ஒவ்வொன்றும் முக்கியம். தகுதியின் பெயர், காலம், ஊதியம் ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு ஏறும், வகுப்பு நாட்களுக்கு ஊதியம் உண்டா, சோதனைக் காலம் எவ்வளவு, இடையில் யார் எப்படி விலகலாம். பழகுநர் வயது வராதவர் என்றால் பெற்றோரோ பாதுகாவலரோ கையெழுத்திட வேண்டியிருக்கும். சோதனைக் காலத்தை அலட்சியப்படுத்தாதீர்கள்: ஜெர்மனியில் அது 1 முதல் 4 மாதம் வரை, அது முடிந்த பிறகு தக்க காரணம் இல்லாமல் முதலாளி ஒப்பந்தத்தை முறிக்க முடியாது. அங்கே கற்றுக்கொடுப்பவர் அதற்கென்று தகுதியும் பெற்றிருக்க வேண்டும். இந்தியாவில் 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி பழகுநர் பயிற்சி பெறுபவர்தான், தொழிலாளி அல்ல. அதனால் வழக்கமான ஊழியர் சேர்ப்பு முறையை அப்படியே இங்கே பொருத்திப் பார்க்க முடியாது. 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனம் பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும், 4 முதல் 29 பேர் வரை உள்ள நிறுவனம் விரும்பினால் எடுக்கலாம்.

பணம். பழகுநருக்குக் கொடுக்கும் தொகையை மட்டும் கணக்குப் போட்டால் கணக்கு தப்பும். வகுப்புக் கட்டணம், பிரஷ், கருவி, பாதுகாப்பு உடை, வீணாகும் வினைலும் ஷீட்டும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கற்றுக்கொடுக்கும் மூத்தவரின் நேரம். முதல் வருடத்தில் மூத்தவரின் வேலை வேகம் நிச்சயம் குறையும், விலைப்புள்ளி கொடுக்கும்போதே அதற்கு இடம் விடுங்கள். அரசு உதவி பல நாடுகளில் உண்டு. இந்தியாவில் தேசியப் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம் 2016-ல் தொடங்கியது, முதலாளி பழகுநருக்குக் கொடுக்கும் உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்கும். இங்கிலாந்தில் 2017 முதல், ஆண்டுச் சம்பளச் செலவு 30 லட்சம் பவுண்டைத் தாண்டும் நிறுவனங்கள் 0.5 சதவீத வரி கட்டுகின்றன, பயிற்சிச் செலவு அதிலிருந்து போகிறது. சிறிய கடைகளுக்குப் பெரும்பகுதியை அரசே கொடுக்கிறது. எந்த உதவியானாலும் பழகுநர் வேலையில் சேரும் முன்பே, அல்லது சேர்ந்து குறிப்பிட்ட நாட்களுக்குள், பதிவு செய்தால்தான் கிடைக்கும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இனி கடைக்குள் என்ன நடக்க வேண்டும் என்பது. பழகுநரை ஆறு மாதம் வெட்டிய வினைலில் தேவையில்லாததை உரிக்க மட்டும் உட்கார வைக்கும் கடைகள் உண்டு. அதுவும் கற்க வேண்டிய வேலைதான், ஆனால் அது மட்டும் போதாது. உதாரணத்துக்குக் கையால் எழுதும் ஒரு பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். தாளில் வடிவத்தை முழு அளவில் வரைந்து, கோட்டின் மேல் பல்சக்கரத்தை ஓட்டித் துளைபோட்டு, பலகையில் ஒட்டி, சாக்பீஸ் தூள் கட்டிய துணிப்பொட்டலத்தால் தட்டினால் வடிவம் புள்ளிகளாக இறங்கும். முதல் மாதத்தில் பழகுநர் இந்த அளவுக்குச் செய்யட்டும், எனாமல் பிரஷை மூத்தவர் பிடிக்கட்டும். அப்புறம் பின்னணி நிரப்புவது, அதன் பின் நேர்கோடுகள், கையைத் தாங்கும் குச்சியில் மணிக்கட்டை வைத்து ஒரே இழுப்பில் கோடு போடப் பழகிய பிறகு வளைவுகள்.

வளைவு என்றதும் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. ட, ப மாதிரி மட்டமாக முடியும் எழுத்தையும் ல, ஒ மாதிரி வளைந்த எழுத்தையும் அளவுகோல் வைத்து ஒரே உயரத்தில் எழுதினால் வளைந்தது சிறியதாகத் தெரியும். அதனால் வளைவைக் கோட்டுக்கு ஒரு மயிரிழை வெளியே தள்ளி எழுத வேண்டும். இடைவெளியும் அப்படித்தான், அளவு சமமாக இருந்தால் கண்ணுக்குச் சமமாக இருக்காது. இது புத்தகத்தில் ஒரு வரியாகத்தான் இருக்கும், பழகுநருக்குக் கண்ணில் ஏறப் பல மாதம் ஆகும், அந்தக் கண் வந்துவிட்டால் அவர் கம்ப்யூட்டரில் செய்யும் வடிவமைப்பும் தானாகவே மேம்படும். கடையில் கையால் எழுதும் வேலையே வராவிட்டாலும் பழைய ஷீட்டுகளில் இதைப் பழக்குங்கள் என்று நான் வலியுறுத்திச் சொல்வேன்.

மூத்தவர்களில் ஒருவரைப் பழகுநருக்குப் பொறுப்பாக நியமியுங்கள். கை நன்றாக வருபவர் எல்லாரும் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர் அல்ல. பொறுமையானவரைப் பாருங்கள், அதற்காக அவருடைய வேலைச்சுமையைக் குறைத்தும் கொடுங்கள்.

பாதுகாப்பை முதல் நாளிலேயே தொடங்க வேண்டும். சாய்த்து வைக்கும் ஏணி என்றால் நான்கு அடி உயரத்துக்கு ஒரு அடி கால் வெளியே இருக்க வேண்டும். கத்தியால் வெட்டும்போது கை எந்தப் பக்கம், தின்னர் வாடை உள்ள அறையில் காற்றோட்டம், பெயிண்ட் துணிகளை எங்கே போடுவது, எல்லாமே சொல்லிக்காட்டி, சொன்னதைப் பதிவும் செய்யுங்கள். எல்.இ.டி எழுத்துகளை மெயின் கரண்ட்டில் இணைப்பது உரிமம் உள்ள மின்பணியாளரின் வேலை, பழகுநரை அதில் கை வைக்க விடாதீர்கள். 18 வயது நிரம்பாதவர்களுக்கு உயரமான இடங்களிலும் சில இயந்திரங்களிலும் தடை இருக்கலாம், சட்டத்தைப் பார்த்துவிட்டு வேலை கொடுங்கள்.

தகுதி வழங்குவது எப்படி என்பதில் பலருக்குக் குழப்பம். 1563-ல் இங்கிலாந்தில் வந்த சட்டம் ஏழு ஆண்டுப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது, காலத்தைக் கழித்தால்தான் தொழிலாளி. 1814-ல் அந்த விதி நீக்கப்பட்டது. இன்றைய திட்டங்கள் பலவற்றில் கால அளவு ஒரு வழிகாட்டிதான், வேலை செய்து காட்டும் திறனே முக்கியம். அதனால் சான்றுகள் வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் தொடக்கம், நடு, முடிவு என்று படம் எடுக்கச் சொல்லுங்கள், வேலைச் சீட்டு, அளவுக் குறிப்பு, வரைபடம் எல்லாவற்றையும் தேதியோடு சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். படத்தில் பழகுநரின் கை தெரிவது நல்லது, முடிந்த பலகையின் படத்தை மட்டும் காட்டினால் அது யார் செய்தது என்று மதிப்பீட்டாளர் கேட்பார். பழகுநரின் வேலைக் குறிப்பேட்டில் வாராவாரம் நீங்கள் கையெழுத்திடுங்கள். செய்யாத வேலைக்குக் கையெழுத்துப் போடக் கூடாது, அந்தக் கையெழுத்தை நம்பித்தான் நாளை வேறொரு முதலாளி அவரை ஏணியில் ஏற்றுவார்.

மதிப்பீட்டாளர் கடைக்கு வரும் நாளில் அவருக்குக் காட்ட உண்மையான வேலை ஒன்று இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அவர் கேள்விகள் கேட்கும்போது நீங்கள் குறுக்கே பதில் சொல்லாதீர்கள். ஏதேனும் பிரிவில் "இன்னும் போதாது" என்று வந்தால் அது தோல்வி அல்ல, எது போதவில்லை என்று எழுத்தில் வாங்கி, அந்த மாதிரி வேலையை அடுத்த சில வாரங்களில் கொடுங்கள்.

ஏற்கனவே பல வருடமாக உங்களிடம் வேலை செய்பவர், கையில் சான்றிதழ் மட்டும் இல்லை என்றால், அவரை முதலிலிருந்து பழகுநராக்க வேண்டியதில்லை. முன் அனுபவத்துக்கு அங்கீகாரம் தரும் வழி பல நாடுகளில் உண்டு. பழைய வேலைகளின் படங்கள், வாடிக்கையாளர் கடிதங்கள், ஒரு நேர்காணல், ஒரு செய்முறைச் சோதனை, விடுபட்ட பிரிவுகளுக்கு மட்டும் பயிற்சி. பெரிய ஒப்பந்தங்களுக்கு விலைப்புள்ளி கொடுக்கும்போது தகுதி பெற்ற ஆட்களின் பட்டியல் கேட்பார்கள், அப்போது இது கைகொடுக்கும். அவருக்கும் இது நியாயம்.

சான்றிதழ் வந்த மாதமே ஊதியத்தைத் தேர்ந்த தொழிலாளிக்கு உரிய அளவுக்கு ஏற்றுங்கள், ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் இல்லாவிட்டாலும். மூன்று நான்கு வருடம் பழக்கி எடுத்தவரைச் சில நூறு மிச்சம் பிடிக்கப் போய்ப் பக்கத்துக் கடைக்கு விட்டுக்கொடுக்கும் முதலாளிகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. ஊதியம் ஏற்றும் நாளிலேயே ஒப்பந்தம், குறிப்பேடு, சான்றிதழ் மூன்றின் நகலையும் கோப்பில் வைத்துவிடுங்கள், அடுத்த பழகுநருக்கு விண்ணப்பிக்கும்போது பதிவு அலுவலகம் இவற்றைக் கேட்கக்கூடும்.