பைதான் வகுப்புக்குள் ஒரு மாறி: எங்கே தெரியும், எதுவரை வாழும்?

உயர்தரத்துக்குப் பைதான் படித்த யாழ்ப்பாணத்து மாணவர்களுக்கு வளையமும் பட்டியலும் பழகிய விடயங்கள். வகுப்பு (அச்சு போன்ற வரையறை), பொருள் (அந்த அச்சிலிருந்து உருவாக்குவது) என்று வந்ததும்தான் பலர் தடுக்கி நிற்கிறார்கள். ஒரு பெயர் ஓரிடத்தில் வேலை செய்கிறது, இரண்டு வரி தள்ளிப் பிழை காட்டுகிறது. இங்கே கேள்விகள் இரண்டு. மாறியின் பெயர் எந்த இடங்களில் செல்லுபடியாகும்? அது சுட்டும் மதிப்பு நினைவகத்தில் எதுவரை இருக்கும்? இவற்றைத் தனித்தனியாகக் கேட்டுப் பழகினால் குழப்பத்தில் பெரும்பகுதி தீரும்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக் கடைகளை வைத்து எழுதுவோம். பைதான் 3 மாறிப் பெயர்களைத் தமிழிலேயே ஏற்கும். கட்டளைச் சொற்களையும் பைதானின் வழக்கமான பெயர்களையும் மட்டும் ஆங்கில எழுத்தில் தட்டச்சிடுங்கள். கீழே அவற்றின் ஒலிப்பைத் தந்திருக்கிறேன்: கிளாஸ் (class), டெஃப் (def), இனிட் (init), செல்ஃப் (self), அப்பெண்ட் (append), டெல் (del).

படி 1: இதை எழுதி ஓட்டுங்கள்

```
கிளாஸ் கடை:
    சந்தை = "திருநெல்வேலி"
    விற்றவை = []

    டெஃப் __இனிட்__(செல்ஃப், பண்டம்):
        செல்ஃப்.பண்டம் = பண்டம்
        செல்ஃப்.மொத்தம் = 0

    டெஃப் விற்பனை(செல்ஃப், விலை, எண்ணிக்கை):
        தொகை = விலை * எண்ணிக்கை
        செல்ஃப்.மொத்தம் += தொகை
        செல்ஃப்.விற்றவை.அப்பெண்ட்(தொகை)

மாங்கடை = கடை("கறுத்தக்கொழும்பான்")
ஒடியற்கடை = கடை("புழுக்கொடியல்")
மாங்கடை.விற்பனை(150, 4)
ஒடியற்கடை.விற்பனை(200, 2)
```

படி 2: மூன்று வகை மாறிகள்

'தொகை' உள்ளக மாறி. முறையை (வகுப்புக்குள் 'டெஃப்' போட்டு எழுதும் செயற்கூறு) அழைக்கும்போது பிறக்கிறது, முறை முடிந்ததும் அந்தப் பெயர் போய்விடுகிறது. 'மொத்தம்' பொருளுக்குரியது ('செல்ஃப்' என்பது அந்தந்தப் பொருளையே குறிக்கும்), மாங்கடைக்கு 600, ஒடியற்கடைக்கு 400. 'சந்தை' வகுப்புக்குரியது, எல்லாக் கடைகளுக்கும் ஒன்றே.

படி 3: பட்டியலைப் பாருங்கள்

மாங்கடை.விற்றவை என்பதை அச்சிடுங்கள். [600] வரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வருவது [600, 400]. ஒடியல் விற்ற காசு மாங்கடைக் கணக்கில் ஏறிவிட்டது! வகுப்பின் உடலில் எழுதிய அந்தப் பட்டியல் ஒரே ஒரு தடவைதான் உருவாகிறது. இரண்டு கடைகளும் அதையே பிடித்திருக்கின்றன. இந்த ஒன்றை மட்டுமாவது கையால் செய்து பாருங்கள், ஏனெனில் நிரல் எந்தப் பிழையும் காட்டாமல் தவறான கணக்கைத் தரும். திருத்தம் எளிது: அந்த வரியை வகுப்பின் உடலிலிருந்து நீக்கி, ஒவ்வொரு பொருள் உருவாகும்போதும் ஓடும் இனிட் முறைக்குள் 'செல்ஃப்.விற்றவை = []' என்று எழுதுங்கள்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. மாங்கடை.சந்தை = "சுன்னாகம்" என்று எழுதினால் ஒடியற்கடை திருநெல்வேலியிலேயே இருக்கும். புதிதாக மதிப்பைக் கொடுக்கும்போது மாங்கடைக்கென்று தனி மாறி ஒன்று உருவாகி, வகுப்பின் மாறியை மறைத்துவிடுகிறது. எல்லாக் கடைகளுக்கும் பொதுவாக மாற்ற வேண்டுமானால் 'கடை.சந்தை' என்றே எழுத வேண்டும்.

படி 4: செல்ஃப் இல்லாமல் அழைத்துப் பாருங்கள்

விற்பனை முறைக்குள் வெறுமனே 'சந்தை' என்று எழுதினால் நேம் எரர் (பெயர் கிடைக்கவில்லை என்ற பிழை) வரும். பைதான் ஒரு பெயரை முதலில் அந்த முறைக்குள்ளும், பிறகு அதைச் சூழ்ந்த வெளி முறையிலும், பிறகு கோப்பின் பொது மட்டத்திலும், கடைசியாக மொழியோடு வரும் பெயர்களிலும் தேடும். வகுப்பின் உடல் இந்த வரிசையில் இல்லை. ஜாவாவில் வெறும் பெயரே போதும். அங்கிருந்து வருபவர்கள் இதில் கவனமாக இருங்கள்.

படி 5: பெயரை நீக்குங்கள்

```
பழையகடை = மாங்கடை
டெல் மாங்கடை
```

'டெல்' நீக்கியது பெயரை மட்டுமே. பழையகடை.மொத்தம் இன்னும் 600 காட்டும். வழக்கமாக நாம் நிறுவும் பைதான் மென்பொருளான சிபைதான், ஒவ்வொரு பொருளையும் எத்தனை இடங்களிலிருந்து சுட்டுகிறோம் என்று எண்ணி வைக்கிறது. எண்ணிக்கை பூச்சியமானதும் பொருளை விடுவிக்கிறது. இரண்டு பொருட்கள் ஒன்றையொன்று சுட்டிக்கொண்டிருந்தால் வெளியே பெயர் எதுவும் இல்லாதபோதும் எண்ணிக்கை பூச்சியமாகாது. அத்தகைய சுழல்களைக் குப்பை சேகரிப்பான் பிறகு தேடி அகற்றும்.