பலகை விளையாட்டின் பழைய பதிப்பை வெளிப் பதிப்பகத்துக்கு உரிமம் கொடுப்பது எப்படி?

1741ஆம் ஆண்டுக் குளச்சல் போரை வைத்து, நாகர்கோவிலில் நாங்கள் மூவர் சேர்ந்து 2014ஆம் ஆண்டு ஒரு பலகை விளையாட்டை வெளியிட்டோம். விதிகளைத் திருத்தி இரண்டாம் பதிப்பும் கொண்டுவந்த பின்னர், பழைய முதல் பதிப்பையே அச்சிட்டு விற்க அனுமதி கேட்டு ஒரு வெளிப் பதிப்பகத்திலிருந்து கடிதம் வந்தது. அப்போது தட்டுத்தடுமாறிக் கற்றதை, முதன்முறையாக இந்த வேலையில் இறங்குபவர்களுக்காக வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

முதலில், எதைக் கொடுக்கப் போகிறீர்கள் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஆடும் முறைக்குப் பதிப்புரிமை கிடையாது. அதை எழுதிய வாசகத்துக்கும் வரைந்த படங்களுக்கும்தான் உண்டு. ஆடுபுலி ஆட்டத்தைத் திண்ணையில் கரிக்கட்டியால் கோடு கிழித்து யாரும் ஆடலாம். ஆனால் அதற்கு நீங்கள் எழுதிய விதிப்புத்தகத்தை உங்கள் அனுமதியின்றி யாரும் அச்சிட முடியாது. பெட்டியின் மேலுள்ள பெயர் வேறு சட்டத்தின் கீழ் வருகிறது: விளையாட்டுப் பொருள்கள் வணிகச்சின்னப் பதிவில் 28ஆம் வகுப்பைச் சேர்ந்தவை, பதிவை 10 ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டும்.

இரண்டாவது படியில்தான் நாங்கள் வழுக்கி விழுந்தோம், ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். எங்கள் முதல் பதிப்பில் தமிழோடு மலையாள விதிகளும் இருந்தன. மார்த்தாண்டத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அவற்றை மொழிபெயர்த்து, உரிமையை எங்களுக்கே தந்துவிட்டதாக ஒரு தாளில் நான்கு வரி எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். அந்தத் தாளில் எத்தனை ஆண்டுகளுக்கு என்ற சொல்லே இல்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, எழுதிக் கொடுக்கும் உரிமையில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் அது 5 ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். இடம் குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். ஆக, பதிப்பகம் எங்களைக் கேட்ட 2022ஆம் ஆண்டுக்கு முன்பே, 2019இலேயே அந்த மலையாள வாசகம் எங்கள் கையைவிட்டுப் போயிருந்தது. நாங்கள் அதை இன்னொருவருக்குக் கொடுக்க முன்வந்தது, பிறர் வீட்டுச் சாவியை வாடகைக்கு விடுவதைப் போன்றது. நல்லவேளையாக, நேரில் போய் விவரம் சொன்னபோது அவர், “எழுதிக் கொண்டா மக்கா, ஒப்புப் போட்டுத் தாறேன்” என்றார். எல்லோருக்கும் அப்படிப்பட்ட சார் வாய்க்க மாட்டார். ஆகவே மொழிபெயர்ப்பாளர், ஓவியர், வரைபடம் வரைந்தவர், விதிகளைச் செம்மை செய்தவர் ஆகிய ஒவ்வொருவரின் பெயருக்கு எதிரிலும் அவர் கொடுத்த தாள், அதன் தேதி, காலம், இடம் ஆகியவற்றை எழுதிப் பட்டியலிட்டுவிட்டுப் பேச்சுவார்த்தைக்குப் போங்கள்.

மூன்றாவதாக, “பழைய பதிப்பு” என்ற சொல்லோடு ஒப்பந்தத்தை விட்டுவிடாதீர்கள். எந்த ஆண்டு அச்சு, விதிப்புத்தகத்தின் பக்கங்கள் எத்தனை, சீட்டுகளும் காய்களும் எத்தனை என்று இணைப்புத் தாளில் எழுதி, மாதிரிப் பெட்டி ஒன்றையும் கையெழுத்திட்டு ஒப்படையுங்கள். இரண்டாம் பதிப்பில் செய்த திருத்தங்களை இதில் சேர்க்க அனுமதி இல்லை என்ற வரி மிக அவசியம். அது இல்லையென்றால் உங்கள் புதிய பெட்டிக்கு நீங்களே போட்டியை வளர்த்தவர்களாவீர்கள். உரிமை எங்கே இருக்கிறது என்பது தெளிவாக இருந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அமெரிக்காவின் ‘டிராவலர்’ என்ற கதாபாத்திர விளையாட்டு நல்ல உதாரணம். 1977இல் வெளிவந்த அந்த விளையாட்டின் பதிப்பகம் 1996இல் மூடப்பட்டது. உரிமை, அதை வடிவமைத்த மார்க் மில்லரிடம் வந்து சேர்ந்தது. அதன் பின்னர் 1998இல் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸும், 2008இல் மங்கூஸ் பப்ளிஷிங்கும் உரிமம் பெற்றுத் தத்தம் பதிப்புகளை வெளியிட்டன.

அடுத்தது பணம். ராயல்டி, அதாவது விற்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் உங்களுக்கு வரும் பங்கு, எத்தனை சதவீதம் என்பதைவிட, எதன் மீது சதவீதம் என்பதே முக்கியம். பெட்டியில் அச்சிட்ட விலை ₹800 என்றும், கடைக்கு 40% கழிவு என்றும் வைத்துக்கொள்வோம். அச்சிட்ட விலையில் 8% என்றால் பெட்டிக்கு ₹64; பதிப்பகத்தின் கைக்கு வரும் ₹480இல் 8% என்றால் ₹38.40. ஆயிரம் பெட்டிக்கு இது ₹25,600 வித்தியாசம். ஒரு பகுதியை முன்பணமாகக் கேளுங்கள், ஆறு மாதத்துக்கொருமுறை விற்பனைக் கணக்கும் கேளுங்கள்.

காலத்தையும் இடத்தையும் மொழியையும் மறவாமல் எழுதுங்கள். முன்சொன்ன 5 ஆண்டு விதி நீங்கள் கொடுக்கும் உரிமத்துக்கும் பொருந்தும். தொடர்ந்து 12 மாதங்கள் அச்சில் இல்லையென்றால் உரிமை உங்களிடம் திரும்பும் என்றும், காலம் முடிந்தபின் மீதிப் பெட்டிகளை விற்க ஆறு மாதம் மட்டும் என்றும் சேர்த்துக்கொள்ளலாம்.

கடைசியாகக் கோப்புகள். எங்கள் விதிப்புத்தகம் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருந்ததால், பதிப்பகத்தின் கணினியில் திறந்தபோது தமிழ் இருக்க வேண்டிய இடமெல்லாம் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கிடந்தது. யூனிகோடுக்கு மாற்றியபின்னும் “ணை”, “லை” போன்ற எழுத்துகளை வரி வரியாகச் சரிபார்க்க வேண்டியிருந்தது. கையெழுத்திடுவதற்கு முன்பே மாற்றும் செலவு யாருடையது என்று பேசிவிடுங்கள். அச்சுக்கு முந்தைய படியை நீங்கள் பார்த்து ஒப்புதல் தராமல் அச்சேற்றக் கூடாது என்பதையும், மூடியில் “முதல் பதிப்பு, மறு அச்சு” என்ற சொற்கள் பெயருக்கு அடுத்தபடியாகத் தெரியும்படி இருக்க வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.