ஐஸ் மேக்கர் நின்றுபோனால் எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

எங்கள் ஃபிரிட்ஜின் ஐஸ் மேக்கர் திடீரென்று ஐஸ் போடுவதை நிறுத்தியது. அதை நானே பிரித்துப் பார்த்துச் சரிசெய்தேன். அந்த வேலையில் கற்றுக்கொண்டதைப் புதிதாகச் செய்பவர்களுக்காக எழுதுகிறேன். தண்ணீர்க் குழாய் இணைப்புடன் ஃப்ரீசருக்குள்ளேயே தானாக ஐஸ் போடும் வகைக்குத்தான் இது பொருந்தும். மேசையில் வைக்கும் சின்ன ஐஸ் மெஷினின் அமைப்பு வேறு.

கை வைக்கும் முன் மூன்று விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். ஐஸ் பெட்டிக்கு மேலே இருக்கும் கம்பி கீழே இறங்கியிருக்கிறதா? அது மேலே தூக்கி நின்றால் ஐஸ் மேக்கர் ஆஃப் என்று அர்த்தம். உறைந்த உணவுப் பொட்டலம் ஒன்று அதைத் தூக்கிப் பிடித்திருந்தாலும் அப்படித்தான். கதவில் பட்டன் பேனல் இருந்தால் அதில் ஐஸ் ஆஃப் ஆகியிருக்கிறதா? ஃபிரிட்ஜுக்குப் போகும் தண்ணீர்க் குழாயில் கையால் திருப்பும் வால்வு திறந்திருக்கிறதா? இவை சரியாக இருந்தால் மேலே படியுங்கள்.

தட்டைப் பாருங்கள்

யாரைக் கேட்டாலும் முதலில் ஃபிரிட்ஜின் தண்ணீர் ஃபில்டரை மாற்றச் சொல்வார்கள். நான் முதலில் ஐஸ் தட்டைப் பார்க்கச் சொல்வேன். ஐஸ் மேக்கரின் வேலை ஒரே வரிசையில் நடக்கிறது. ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கும் மின்சார வால்வு சில விநாடிகள் திறந்து தட்டில் தண்ணீர் விடும். தண்ணீர் உறையும். தட்டு ஏறக்குறைய மைனஸ் 9, 10 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியதும் தெர்மோஸ்டாட் அல்லது சென்சார் அதைக் கண்டுகொள்ளும். பல மாடல்களில் தட்டின் அடியில் உள்ள ஹீட்டர் லேசாகச் சூடாகி ஐஸை விடுவிக்கும். மோட்டார் அதைப் பெட்டிக்குள் தள்ளும். பிறகு மறுபடி தண்ணீர். வரிசை எந்த இடத்தில் நின்றது என்பதைத் தட்டு காட்டிக்கொடுத்துவிடும்.

தட்டு காய்ந்து கிடந்தால் தண்ணீர் வரவில்லை. தண்ணீர் உறையாமல் நின்றால் குளிர் போதவில்லை. ஐஸ் உறைந்து தட்டிலேயே உட்கார்ந்திருந்தால் மோட்டார், ஹீட்டர், தெர்மோஸ்டாட் பக்கம் பாருங்கள். ஒரு டார்ச்சும் ஒரு நிமிடமும் போதும். இதைப் பார்க்காமல் எந்த உதிரிபாகத்தையும் வாங்காதீர்கள்.

குளிர் போதாவிட்டால்

ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டும். பேனலில் காட்டும் எண் நீங்கள் கேட்ட குளிராக இருக்கலாம், உள்ளே இருக்கும் குளிராக இருக்கும் என்ற உறுதி கிடையாது. தனியாக ஒரு ஃப்ரீசர் தெர்மாமீட்டரைப் பொருட்களுக்கு நடுவே வைத்து மறுநாள் பாருங்கள். மைனஸ் 12 அளவில் நின்றாலே ஐஸ் தாமதமாகும் அல்லது வராது. கதவு ரப்பர், காற்று வரும் துளைகளை அடைத்த பொருட்கள், பின்பக்கமோ அடிப்பக்கமோ வெப்பத்தை வெளியேற்றும் காயிலில் படிந்த தூசி ஆகியவற்றைப் பாருங்கள். இவை சரியாக இருந்தும் குளிர் ஏறவில்லை என்றால் கோளாறு ஐஸ் மேக்கரில் இல்லை, குளிரூட்டும் பகுதியில் இருக்கிறது. அதற்கு மெக்கானிக் வேண்டும்.

தட்டு காய்ந்திருந்தால்

என் நேரத்தை அதிகம் தின்ற இடம் இதுதான். நிதானமாகப் படியுங்கள்.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். தண்ணீர்க் குழாயின் கை வால்வை மூடுங்கள். ஐஸ் மேக்கரைத் தாங்கும் திருகுகளைத் தளர்த்தி, ஒயர் கனெக்டரைக் கழற்றி, அதை வெளியே எடுங்கள். பெரும்பாலான மாடல்களில் மேலே இரண்டு திருகைத் தளர்த்தினால் போதும், கீழே ஒன்று இருந்தால் அதை முழுதாகக் கழற்ற வேண்டும். பின்சுவரில் தட்டுக்கு நேர் மேலே ஒரு சின்ன டியூப் வாய் தெரியும். அதில் டார்ச் அடியுங்கள். உள்ளே வெள்ளையாக அடைத்திருந்தால் டியூப் உறைந்துவிட்டது.

அதை உருக்க, ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சு ஒன்றும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும். கீழே துண்டு விரித்து, டியூப் வாய்க்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் பீய்ச்சுங்கள். சற்று நேரத்தில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஓர் ஐஸ் குச்சி வழுக்கிக்கொண்டு வந்து விழும். அதன் ஒரு முனை டியூபின் வளைவுக்கு ஏற்ப லேசாக வளைந்திருக்கும். கொதிநீர் வேண்டாம், பிளாஸ்டிக் நெளிந்துவிடும். கத்தி, ஸ்க்ரூட்ரைவர் கொண்டு குத்தவே கூடாது. ஹேர் டிரையரைப் பலர் சிபாரிசு செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சொட்டும் தண்ணீருக்குப் பக்கத்தில் மின்சாரப் பொருளைப் பிடிப்பது ஆபத்து, உள்சுவரும் உருகக்கூடும். அவசரம் இல்லையென்றால் உணவை வேறிடம் மாற்றி, ஃபிரிட்ஜை ஆஃப் செய்து, கதவை ஓர் இரவு திறந்து வைப்பதே எல்லாவற்றிலும் பாதுகாப்பானது.

பலரும் இதோடு வேலை முடிந்தது என்று மூடிவிடுகிறார்கள். சில நாள் ஐஸ் வரும், பிறகு அதே டியூப் மறுபடி உறையும். உருக்கியது நிவாரணம் மட்டும்தான். அந்த இடத்தில் தண்ணீர் ஏன் தேங்கியது என்று கண்டுபிடித்தால்தான் கோளாறு தீரும்.

பெரும்பாலும் காரணம் மின்சார வால்வின் சொட்டு. ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கும் அந்த வால்வு திறப்பது மின்சாரத்தால். இறுக்கமாக மூடுவதற்குத் தண்ணீரின் அழுத்தமும் துணை செய்ய வேண்டும். அழுத்தம் குறைந்தால் வால்வு முழுதாக மூடாமல் துளித்துளியாகக் கசியும். தட்டுக்கு வந்து சேர்வதற்குள் அந்தத் துளிகள் டியூபிலேயே உறைந்து, ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து வாயை அடைத்துவிடும். அடைத்துப்போன பழைய ஃபில்டர்கூட டியூபை உறைய வைப்பது இந்த வழியில்தான். இந்த வால்வுகளில் பெரும்பாலானவற்றுக்குக் குறைந்தது 20 பி.எஸ்.ஐ. அழுத்தம் தேவை. சில மாடல்கள் அதற்கும் மேல் கேட்கும், கையேட்டைப் பாருங்கள்.

சோதிப்பது எளிது. பிளக் பிடுங்கிய நிலையிலேயே, வால்விலிருந்து ஐஸ் மேக்கருக்குப் போகும் டியூபைக் கழற்றுங்கள். வால்வின் அந்த வாயைத் துடைத்து, கீழே உலர்ந்த டிஷ்யூ காகிதத்தை வையுங்கள். தண்ணீரைத் திறந்துவிட்டு அரைமணி நேரம் விடுங்கள். மின்சாரமே இல்லாதபோது ஒரு சொட்டுகூட விழக் கூடாது. காகிதம் நனைந்திருந்தால், வால்வை மாற்றும் முன் அழுத்தத்தைப் பாருங்கள். தண்ணீரை மூடி, வால்வுக்கு உள்ளே வரும் குழாயைக் கழற்றி, வாளிக்குள் பிடித்துத் திறங்கள். வேகமாக அடித்தால் வால்வுதான் பழுது. நூலாக வந்தால் வரும் வழியில் அடைப்பு. வால்வின் நுழைவாயில் ஒரு சின்ன வலை இருக்கும், அதில் மண்ணும் துருவும் சேர்ந்திருக்கலாம். அதையும் கழுவுங்கள்.

டியூபும் உறையவில்லை, தண்ணீரும் வரவில்லை என்றால் அடுத்த சந்தேகம் ஃபில்டர். பொதுவாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பொருள் அது. பழையதை எடுத்துவிட்டு, ஃபில்டர் இல்லாமலே தண்ணீரைப் போக விடும் பைபாஸ் மூடியைப் போட்டதும் தண்ணீர் நன்றாக வந்தால் பதில் கிடைத்துவிட்டது. புதியதைக் கிளிக் என்று பூட்டும் வரை திருகுங்கள், கதவில் தண்ணீர்க் குழாய் இருந்தால் சில லிட்டர் பிடித்து வெளியே ஊற்றுங்கள். உள்ளே காற்று சிக்கியிருந்தால் தண்ணீர் விட்டுவிட்டு வரும்.

மின்சார வால்வைத் திறப்பது அதற்குள் இருக்கும் கம்பிச் சுருள், அதாவது காயில். அதைப் பார்க்க, மின்சார அளவுகளைக் காட்டும் மல்டிமீட்டர் வேண்டும். ஓம் அளவில் வைத்து இரண்டு முனைகளிலும் தொடுங்கள். சில நூறு முதல் சில ஆயிரம் ஓம் வரை, மாடலைப் பொறுத்துக் காட்டும். எதுவும் காட்டாவிட்டால் காயில் அறுந்துவிட்டது. இதற்குச் சாதாரண டிஜிட்டல் மீட்டர் போதும். வீட்டில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், வேறு பத்து வேலைகளுக்கும் ஆகும்.

ஐஸ் தட்டிலேயே நின்றால்

ஐஸைத் தள்ளும், விரல் போன்ற பாகங்களுக்கு இடையில் ஓர் ஐஸ் துண்டு குறுக்கே சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரால் விடுவியுங்கள். அந்த விரல்களைக் கையால் பலவந்தமாகத் திருப்பினால் பல்சக்கரம் உடையும். பிறகு டெஸ்ட் பட்டன் இருந்தால் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். மோட்டார் அசையவே இல்லையென்றால் ஐஸ் மேக்கர் முழு யூனிட்டையும் மாற்றுவதே மேல். உள்ளிருக்கும் ஒவ்வொரு பாகமாகத் தேடுவது புதியவர்களுக்கு வேண்டாத வேலை. மூடியைக் கழற்றி மின்சாரம் ஓடும்போதே ஒயரால் இணைத்துச் சோதிக்கும் முறை ஒன்று உண்டு. அதை இங்கே நான் எழுதப்போவதில்லை.

பிற்சேர்க்கை

படித்தவர்கள் கேட்டதை வைத்துச் சேர்க்கிறேன். ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து ஐஸ் மேக்கருக்கு இணைப்புக் கொடுத்தவர்களுக்கே டியூப் திரும்பத் திரும்ப உறைகிறது. ஆர்.ஓ. தொட்டி காலியாகும்போது அழுத்தம் சரிவதே காரணம். தொட்டி முழுதாக நிரம்பியபின் சோதித்துப் பாருங்கள். அப்போதும் போதாவிட்டால் அழுத்தம் கூட்டும் சின்ன பம்பு உதவும். ஆர்.ஓ. இருக்கும் வீட்டில் ஃபிரிட்ஜுக்குள் இன்னொரு ஃபில்டர் அழுத்தத்தை மேலும் குறைக்கும், அங்கே பைபாஸ் மூடியே நல்லது.

ஐஸ் வருகிறது, ஆனால் சின்னதாகவோ நடுவில் குழியாகவோ இருக்கிறது என்றால், அதுவும் பெரும்பாலும் தண்ணீர் குறைவின் அடையாளம். முழுதாக நிற்கும் முன்பே ஃபில்டரைப் பார்த்துவிடுங்கள்.

சரிசெய்த உடனே ஐஸை எதிர்பார்க்காதீர்கள். ஃப்ரீசர் பழைய குளிருக்குத் திரும்ப 24 மணி நேரம் வரை ஆகலாம். முதலில் விழும் ஐஸைக் கொட்டிவிடுங்கள். ஃபிரிட்ஜைச் சுவரோடு தள்ளும் முன் பின்னால் எல்லா இணைப்புகளிலும் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், தள்ளும்போது டியூப் மடங்காமல் ஒரு கையால் ஒதுக்கிப் பிடியுங்கள். அது மடங்கினால் தட்டு மறுபடியும் காய்ந்துதான் கிடக்கும்.