மெட்ரிக் வரட்டும் என்று காத்திருக்கும் ஹாக்கிப் பிள்ளைகள்

கடந்த ஜூன் மாதத்தில் ஒரு புதன்கிழமை மாலை, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், குவீன்ஸ்மீட் ஹாக்கி மைதானத்துக்கு வெளியே என் தங்கை மகளுக்காகக் காரில் காத்திருந்தேன். அப்போது பதினோராம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த அவள் பள்ளி அணியின் கோல்கீப்பர். பயிற்சி முடிந்து வந்தவள், எத்தனை வெயிலில் காய வைத்தாலும் வியர்வை நாற்றம் போகாத கால் பேடுகளைப் பின்னிருக்கையில் கிடத்தி, அவற்றின் மேலேயே நோட்டை வைத்துக்கொண்டு, காரின் உள்விளக்கு வெளிச்சத்தில் இயற்பியல் கணக்கொன்றைப் போடத் தொடங்கினாள். மறுநாள் அரையாண்டுப் பரீட்சை. "இந்த வருஷம் எப்படியாவது போகட்டும் மாமா, மெட்ரிக் வந்ததும் உட்கார்ந்து படிச்சுக்கறேன்" என்றாள். மெட்ரிக் என்பது இங்கே பள்ளியின் கடைசி ஆண்டான பன்னிரண்டாம் வகுப்பு. டர்பனில் நம்மவர் வாழும் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் மட்டை பிடிக்கும் பிள்ளைகள் பலர் இதையே சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்கள் செய்யும் தவறுகளில் மிகப் பெரியது இதுதான் என்பது என் எண்ணம்.

நம் நாட்டில் பள்ளியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. மெட்ரிக் இறுதித் தேர்வு ஆண்டின் கடைசியில், அக்டோபர், நவம்பர் மாதங்களில் நடக்கிறது. பல்கலைக்கழக விண்ணப்பமோ அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். நம் மாகாணமான குவாசுலு-நட்டாலில் மத்திய விண்ணப்ப அலுவலகத்தின் வழியாக அனுப்பும்போது மாணவரின் கையில் இருப்பது பதினோராம் வகுப்பு மதிப்பெண்தான். தற்காலிக இடம் கிடைப்பது பெரும்பாலும் அதைப் பொறுத்தே அமைகிறது. பதினெட்டு வயதுக்குட்பட்டோர் மாகாண அணிக்குப் பலர் முதன்முறையாக முயல்வதும் அதே வகுப்பில்தான். ஆகவே, எப்படியாவது போகட்டும் என்று விட்டுவிடக்கூடிய ஆண்டு ஒன்று இருக்குமானால், அது நிச்சயமாகப் பதினொன்று அன்று.

இதற்கும் முன்னால் ஒரு தவறு ஒன்பதாம் வகுப்பின் இறுதியில் ஓசையில்லாமல் நடந்துவிடுகிறது. பத்தாம் வகுப்பிலிருந்து படிக்கப்போகும் ஏழு பாடங்களைப் பிள்ளை தேர்ந்தெடுக்கும்போது, கணிதமா, 'மேத்ஸ் லிட்' என்று நாம் சொல்லும் கணித எழுத்தறிவா என்ற கேள்வி வருகிறது. சனிக்கிழமைகளெல்லாம் ஆட்டத்திலேயே கழிகின்றன, பாடத்திலாவது சுமை குறையட்டும் என்று பெற்றோரும் சேர்ந்து எளிதானதற்குக் கையெழுத்திட்டுவிடுகிறார்கள். மேத்ஸ் லிட் மட்டமான பாடமில்லை. அன்றாடக் கணக்கு வழக்குகளை அது நன்றாகவே கற்றுத் தருகிறது. ஆனால் அதை எடுத்தவருக்குப் பொறியியலும் மருத்துவமும் ஆடிட்டர் படிப்பும் அந்தக் கையெழுத்தோடு ஏறக்குறைய மூடிவிடுகின்றன. கணிதத்திலிருந்து மேத்ஸ் லிட்டுக்கு இறங்குவது எளிது, அங்கிருந்து திரும்ப ஏறுவது நடைமுறையில் மிகக் கடினம் என்பதால், ஐயமிருந்தால் கணிதத்தில் தொடங்குவதே நல்லது. நான்கு பாடங்களில் 50 விழுக்காடு வாங்கினால் பட்டப்படிப்புக்குத் தகுதி வந்துவிடுமே என்பவர்களுக்கும் ஒரு சொல்: அது உள்ளே நுழையக் கேட்கப்படும் குறைந்தபட்ச அளவு மட்டுமே, விரும்பிய துறையில் இடம் கிடைக்க அது போதாது.

தமிழில் பரீட்சைக்கும் தேர்வு என்கிறோம், அணிக்கு ஆள் எடுப்பதற்கும் தேர்வு என்கிறோம். ஹாக்கி இங்கே குளிர்கால விளையாட்டு என்பதால், இரண்டாம் பருவத்தில் இரண்டு தேர்வுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. ஜூனில் அரையாண்டுப் பரீட்சை, அது முடிந்த கையோடு விடுமுறையில் மாகாணங்களுக்கிடையிலான போட்டி. இந்த மோதல் ஆண்டுதோறும் வருவது தெரிந்தும், ஒவ்வோர் ஆண்டும் அது ஏதோ திடீரென்று வந்த புயலைப்போல வீட்டில் எல்லாரும் திகைத்து நிற்பார்கள். பரீட்சைக்கு முதல் நாள் பயிற்சியாளரிடம் போய் விடுப்புக் கேட்பது, அவர் முகம் சுளித்தால் பேசாமல் பயிற்சிக்குப் போய்விடுவது, பிறகு இரவு ஒரு மணிவரை விழித்துப் படிப்பது என்பதே வழக்கமாகிவிட்டது. பதின்ம வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வதற்குக் காரணம் உண்டு; படித்தது மனத்தில் பதிவதும், ஓடிக் களைத்த தசை தேறுவதும் பெருமளவு தூக்கத்தில்தான் நடக்கின்றன. தூக்கத்தைக் குறைப்பவர் இரண்டு தேர்வுகளையும் ஒருசேரக் கெடுத்துக்கொள்கிறார்.

எதிர்காலக் கனவைப் பற்றிய தவறுகள் இரு திசையிலும் இருக்கின்றன. நான்கு ஒலிம்பிக்கில் ஆடிய இந்திய வீரர் தன்ராஜ் பிள்ளையின் பெயரைச் சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைகள் நம்மிடையே உண்டு. நம் தெருவில் கல்லெறிந்தால் 'பிள்ளை' என்ற குடும்பப் பெயர் கொண்ட ஒருவர் வீட்டின் மேல்தான் விழும் என்பதால் அந்தப் பெயருக்கு இங்கே தனி ஒட்டுதலும் உண்டு. ஆனால் தென்னாப்பிரிக்க ஹாக்கியில் கிரிக்கெட்டைப் போன்ற சம்பளம் கிடையாது. 2016 ரியோ ஒலிம்பிக்குக்கு ஆப்பிரிக்கத் தகுதிப் போட்டியில் வென்றும், அந்த வழியை இந்நாட்டு ஒலிம்பிக் அமைப்பு ஏற்காததால் நம் அணிகள் வீட்டிலேயே இருந்தன. டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் ஆண்கள் அணி ஜெர்மனியை 4-3 என்று வீழ்த்தியதும், 2022இல் பாட்செஃப்ஸ்ட்ரூமில் நேஷன்ஸ் கோப்பையை வென்றதும் பெருமைதான். ஆயினும் தேசிய அணியில் ஆடுபவர்களே வேறு வேலையோ படிப்போ வைத்துக்கொண்டுதான் ஆடுகிறார்கள். ஹாக்கியே பிழைப்பு என்று கணக்குப் போடுவது, ஆகவே, கணக்குத் தெரியாதவர் போடும் கணக்கு.

மறுதிசைத் தவறு, மெட்ரிக் வந்ததும் மட்டையைப் பரண்மேல் ஏற்றிவிடுவது. நல்ல மதிப்பெண்ணோடு நன்றாக ஆடவும் தெரிந்தவருக்கு உள்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் விளையாட்டு உதவித்தொகை கிடைக்க வாய்ப்புண்டு. ஆட்டத்தை நிறுத்தியவர் அந்த வாய்ப்பைத் தானே விட்டுக்கொடுக்கிறார். அமெரிக்கா போகும் கனவு இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அங்கே கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் போட்டிகளில் ஹாக்கி பெண்களுக்கு மட்டுமே. பையன்களுக்கு அந்த வழியே இல்லை. பெண்பிள்ளைகளுக்கோ, அதன் முதல் பிரிவில் ஆட ஒன்பதாம் வகுப்பிலிருந்தே 16 அடிப்படைப் பாடங்கள் எண்ணப்படுகின்றன. மெட்ரிக்கில் விழித்தெழுந்தால் பழைய மதிப்பெண்ணைத் திருத்த முடியாது.

உடம்பு விஷயத்தில் இரண்டே சொல்வேன். தலையில் அடிபட்டதை அணியில் இடம் போய்விடும் என்று மறைக்கக் கூடாது. மருத்துவர் பார்த்த பின், பிள்ளை முழுநேரம் வகுப்பில் உட்காரத் தேறிய பிறகே ஆட்டத்துக்குத் திரும்ப வேண்டும். புரட்டாசி விரதத்தில் கறியும் மீனும் நிற்கும்போது, சோறும் உருளைக்கிழங்குக் கறியும் மட்டும் உண்டுவிட்டுப் பயிற்சிக்குப் போகக் கூடாது. பருப்பு, சுகர் பீன்ஸ், சோயா, தயிர் எல்லாம் அந்த மாதத்தில் தட்டில் கூடுதலாக இருக்கட்டும். மெட்ரிக் முன்னோட்டத் தேர்வும் ஏறக்குறைய அந்த நாள்களில்தான் வருகிறது.

என் தங்கை மகள் அந்த ஜூனில் இயற்பியலில் வாங்கியது 47 விழுக்காடு. ஆண்டிறுதியில் அதை 61 ஆக்குவதற்கு அவள் பட்ட பாடு எங்கள் வீட்டுக்குத் தெரியும். இந்த ஆண்டு மார்ச் மாதமே பரீட்சை நாள்களை ஒரு தாளில் எழுதிப் பயிற்சியாளரிடம் கொடுத்துவிட்டாள். அவர் அதைப் படித்துப் பார்த்து, "இதை யாரும் எனக்கு முன்கூட்டித் தந்ததே இல்லை" என்று சொல்லி ஜூனில் இரண்டு புதன்கிழமைகளுக்கு அவளை விடுவித்தார். காரில் காத்திருக்கும் வேலையிலிருந்து எனக்கும் அந்த இரண்டு மாலைகள் விடுதலை கிடைத்தது.